வேணும்னே விழுந்து பழகுவது

அக்கா பையன் அமெரிக்காவில் விமானம் ஓட்டப் படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், “அடுத்த வாரம் ஸ்டால் மாமா” என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா காதில் அது விழுந்துவிட்டது. அவன் ரெண்டே வரியில் விளக்கம் சொல்லிவிட்டு வகுப்புக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டான். அக்காவுக்கு அது போதவில்லை. “ஏண்டா, நல்லாப் பறந்துக்கிட்டு இருக்கிற பிளேனை வேணும்னே விழ வைக்கிறதா? அதுக்குக் காசு வேற கட்டணுமா?”

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் கேள்வி நியாயமானது. அதற்கப்புறம் ரெண்டு மூன்று வாரம் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். பயப்பட விஷயம் இருக்கிறது. ஆனால் அக்கா நினைத்த இடத்தில் இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கார் ‘ஸ்டால்’ ஆவது என்றால் இன்ஜின் ஆஃப் ஆவது. விமானத்தில் அந்தச் சொல்லுக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமே இல்லை. இன்ஜின் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருக்கும்போதே விமானம் ஸ்டால் ஆகலாம். ஸ்டால் ஆவது இறக்கை.

ஓடுற பஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்க்காத ஆள் நம்மில் இருக்க முடியாது. உள்ளங்கையைத் தட்டையாக வைத்து முன்பக்கத்தை லேசாகத் தூக்கினால் கை மேலே போகும். இன்னும் தூக்கினால் இன்னும் மேலே. ரொம்பத் தூக்கிவிட்டால் காற்று கையைப் பின்னால்தான் தள்ளும், மேலே தூக்காது. இறக்கையும் அப்படித்தான். எதிரே வரும் காற்றை அது சந்திக்கிற கோணத்தைத் தாக்கு கோணம் என்கிறார்கள். சிறிய விமானங்களில் இது சுமார் 15 முதல் 18 டிகிரியைத் தாண்டினால், இறக்கையின் மேல்பக்கத்தை ஒட்டி வழிந்துகொண்டிருந்த காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். தூக்கு விசை சட்டென்று குறையும். இதுதான் ஸ்டால்.

இதிலிருந்து வெளியே வரும் வழி ரொம்ப எளிது. கோணத்தைக் குறைக்கணும், அதாவது ஸ்டிக்கை முன்னால் தள்ளி மூக்கைத் தாழ்த்தணும். சிக்கல் என்னவென்றால், ஸ்டால் ஆனதும் மூக்கு தானாகவே கீழே சாய்கிறது, கண் முன்னால் தரை தெரிகிறது. அந்த நேரத்தில் எந்த மனுஷனுக்கும் கை பின்னால் இழுக்கத்தான் போகும். விழாமல் இருக்க, விழுகிற திசையிலேயே தள்ளணும் என்பதைக் கைக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் இந்தப் பயிற்சி. புத்தகத்தில் படித்தால் அரை நிமிஷத்தில் புரிந்துவிடும். கைக்குப் புரிய ரொம்ப நாளாகும்.

வழக்கமான பாடம் இப்படி நடக்கும். போதுமான உயரத்துக்கு ஏறுவார்கள். அமெரிக்க விதிப்படி, சிறிய ஒற்றை இன்ஜின் விமானத்தில் ஸ்டாலிலிருந்து மீண்டு முடிக்கும்போதும் தரையிலிருந்து 1,500 அடிக்குக் கீழே போயிருக்கக் கூடாது. அக்கம்பக்கத்தில் வேறு விமானம் இல்லையென்று ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்ப்பார்கள். த்ராட்டிலைக் குறைத்து, உயரம் குறையாமல் இருக்க மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குவார்கள். வேகம் விழும். எச்சரிக்கை ஊதல் கேட்கும். பழைய செஸ்னாக்களில் இது மின்சார மணிகூட இல்லை. இறக்கையின் முன்விளிம்பில் ஒரு துளை, அதற்குப் பின்னால் காற்று உறிஞ்சப்படும்போது ஒலிக்கிற ஒரு நாக்கு. நாதஸ்வரச் சீவாளியின் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். அப்புறம் விமானம் நடுங்கும், மூக்கு சரியும். தள்ளு, முழு பவர் கொடு, சமனாக்கு. சில நூறு அடி உயரம் போயிருக்கும். அவ்வளவுதான்.

நேராக, நிதானமாகச் செய்தால் செஸ்னா 172 மாதிரியான விமானத்தில் இது ஏறக்குறைய அலுப்பான பயிற்சி என்றுகூடச் சொல்கிறார்கள். அக்கா பயந்தது இதற்குத்தான். இது இல்லை விஷயம்.

விஷயம், ரெண்டு இறக்கையும் ஒன்றாக ஸ்டால் ஆகாதபோது தொடங்குகிறது. விமானத்தின் வால் கொஞ்சம் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டிருந்தால் ஒரு இறக்கை முதலில் ஸ்டால் ஆகும், அந்தப் பக்கம் சாயும். பவர் கொடுத்துக்கொண்டே செய்கிற ஸ்டாலில் இது அடிக்கடி நடக்கும். முழு பவரில், மூக்கு உயர்ந்த நிலையில், புரொப்பெல்லரின் விளைவுகள் விமானத்தை இடப்பக்கம் இழுக்கும். வலது கால் ரடரை அழுத்திக்கொண்டே இருக்கணும். புது மாணவன் கையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பான், காலை மறந்துவிடுவான். இடது இறக்கை ‘டபக்’ என்று விழும்.

இப்போது அவன் என்ன செய்வான்? இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் திருப்பு. கார் ஓட்டின கைக்கு வேறு எதுவும் தெரியாது. ஆனால் வலப்பக்கம் திருப்பினால், விழுந்த இடது இறக்கையின் நுனியில் இருக்கிற ஏலெரான் என்ற மடிப்பு கீழே இறங்கும். அது இறங்கினால் அந்த இறக்கையின் தாக்கு கோணம் இன்னும் கூடும். ஏற்கெனவே கோணம் கூடிப்போனதால் விழுந்த இறக்கை அது. காப்பாற்றப் போன கை அதை இன்னும் ஆழமாகத் தள்ளிவிடுகிறது. ஒரு இறக்கை அதிகமாகவும் மற்றது குறைவாகவும் ஸ்டால் ஆன நிலையில், விமானம் மூக்கு கீழாகச் சுழன்றுகொண்டே இறங்கத் தொடங்கும். இதுதான் ஸ்பின். இதிலிருந்து மீள வரிசை உண்டு: பவரை முழுக்கக் குறை, ஏலெரானை நடுவில் வை, சுழலுக்கு எதிர்ப்பக்க ரடரை முழுசாக மிதி, ஸ்டிக்கை முன்னால் தள்ளு. சுழல் நின்றதும் ரடரை நேராக்கி மெதுவாக மேலே எடு.

செஸ்னா 152-இன் கையேட்டில் ஒரு எண் இருக்கிறது: ஒரே ஒரு சுற்று சுற்றி மீள்வதற்குக் குறைந்தது 1,000 அடி உயரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். இந்த 1,000-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

அமெரிக்காவின் ஏஓபிஏ என்ற விமானிகள் சங்கத்தின் பாதுகாப்பு அறக்கட்டளை, 1991 முதல் 2000 வரை நடந்த ஸ்டால், ஸ்பின் விபத்துகளை எடுத்து ஆராய்ந்தது. அதில் பயிற்சிப் பறத்தலில் உயிர்போன விபத்துகள் 44. மாணவன் தனியாக இருந்தது எத்தனையில் தெரியுமா? 4. மீதி 40-இலும் பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்திருந்தார்.

இந்த எண்ணைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் படிப்பதை நிறுத்திவிட்டேன். ‘கூட ஆள் இருக்காங்க இல்ல’ என்றுதான் நான் அக்காவைச் சமாதானம் செய்திருந்தேன்.

எண்ணை நிதானமாகவும் பார்க்கணும். தனியாகப் பறக்கிற மாணவர்கள் பெரும்பாலும் ரன்வேயைச் சுற்றியே வட்டமிடுவார்கள். ஆபத்தான பயிற்சியெல்லாம் இன்ஸ்ட்ரக்டர் கூட இருக்கும்போதுதான் நடக்கும். அதனால் ‘இன்ஸ்ட்ரக்டர் இருந்தால் பத்து மடங்கு ஆபத்து’ என்று இதைப் படிக்கக் கூடாது. ஆனால் இன்ஸ்ட்ரக்டர் இருப்பது காப்பீடு இல்லை என்று மட்டும் தாராளமாகப் படிக்கலாம்.

ஏன் அப்படி? அந்த இருக்கையில் உட்கார்ந்து யோசித்தால் கொஞ்சம் புரிகிறது. சொல்லிக்கொடுக்கிறவர் மாணவன் தப்பு செய்ய இடம் கொடுக்கணும். உடனே பிடுங்கினால் அவன் கற்கமாட்டான். எவ்வளவு நேரம் விடுவது? அரை வினாடி கூடப் போனால் சாய்ந்த இறக்கை ஸ்பின்னாகிவிடும். நூறு மாணவர்களிடம் அந்த அரை வினாடி ஒன்றும் செய்திருக்காது, அதனால் நூற்றியோராவது மாணவனுக்கும் அதே அரை வினாடியைக் கொடுப்பார். அப்புறம் மாணவனின் பயம். பயத்தில் உறைந்துபோய் ஸ்டிக்கை இறுகப் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. ரெண்டு பேர் கையிலும் கண்ட்ரோல் இருக்கிற விமானத்தில், பலசாலி மாணவன் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டான் என்றால் இன்ஸ்ட்ரக்டரின் அனுபவம் அவன் தோள்பட்டையோடு மல்லுக்கட்டணும். அதனால்தான் கண்ட்ரோலைக் கைமாற்றும்போது மூன்று முறை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இருக்கிறது: நான் எடுத்துக்கிறேன், நீங்க எடுத்துக்கோங்க, நான் எடுத்துக்கிட்டேன். கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும்.

இன்னொன்று. அமெரிக்காவில் தனியார் விமானி உரிமத்துக்கு ஸ்பின் பயிற்சி கட்டாயமில்லை. 1949-இல் எடுத்துவிட்டார்கள். ஸ்பின்னிலிருந்து மீள்வதைவிட ஸ்டாலை முன்கூட்டியே உணர்ந்து தவிர்ப்பதைச் சொல்லிக்கொடுப்போம் என்பது ஒரு காரணம். ஸ்பின் கட்டாயமில்லையென்றால் கம்பெனிகள் ஸ்பின்னே ஆகாத விமானங்களைச் செய்ய முன்வரும் என்பது இன்னொன்று. இரண்டாவது நம்பிக்கை ஆதாரமில்லாதது இல்லை. எர்கூப் என்ற குட்டி விமானம் ஸ்பின் ஆகவே முடியாது என்ற சான்றிதழோடு 1940-லேயே வந்திருந்தது. ஆனால் உலகம் அதன் பின்னால் போகவில்லை. இன்று ஸ்பின் பயிற்சி கட்டாயமாக இருப்பது இன்ஸ்ட்ரக்டர் ஆகப் போகிறவர்களுக்கு மட்டும். அதிலும் எத்தனை மணி நேரம் என்று விதி சொல்வதில்லை. தேறிவிட்டார் என்று இன்னொரு இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்துப் போட்டால் போதும். ஆக, பக்கத்தில் இருப்பவர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு மதியம் மட்டும் ஸ்பின் பார்த்தவராக இருக்க விதியில் இடமுண்டு.

விமானங்களும் ஒன்றுபோல் இல்லை. இதில் பைப்பர் டோமஹாக்கின் கதைதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. 1978-இல் வந்த, பயிற்சிக்கென்றே செய்த ரெண்டு இருக்கை விமானம். வடிவமைக்கும் முன்னால் பைப்பர் கம்பெனி இன்ஸ்ட்ரக்டர்களிடம் கருத்துக் கேட்டது. அவர்கள் சொன்னதில் ஒன்று: இப்போதைய பயிற்சி விமானங்கள் ரொம்பச் சாது, ஸ்டாலையும் ஸ்பின்னையும் உண்மையாகக் காட்டுகிற விமானம் வேணும். கேட்டது கிடைத்தது. ஸ்டாலில் டோமஹாக் சட்டென்று ஒரு பக்கம் சாயும் என்ற பெயர் வாங்கியது. ‘ட்ராமாஹாக்’ என்று பட்டப்பெயரே வைத்தார்கள். இறக்கை முன்விளிம்பில் கூடுதல் பட்டைகள் ஒட்டணும் என்று 1983-இல் அரசு உத்தரவு வந்தது. ஏஓபிஏ பின்னர் கணக்குப் பார்த்தபோது, மொத்த விபத்துகள் செஸ்னா 150, 152-ஐவிட டோமஹாக்கில் குறைவு; ஆனால் உயிர்போகிற ஸ்பின் விபத்துகள் அதிகம். ஸ்டால், ஸ்பின் விபத்து விகிதம் செஸ்னாவைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு என்பது அமெரிக்க விபத்து விசாரணை வாரியத்தின் மதிப்பீடு.

பாடம் நன்றாக நடக்கணும் என்று கேட்டு வாங்கின குணம் அது. கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சாது விமானத்தில் மட்டும் பழகினவன் வேறொரு விமானத்தில் மாட்டிக்கொள்வான் என்ற அவர்கள் கவலையும் உண்மைதான்.

சாதுவான செஸ்னாவிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. 150, 152-இல் ரடர் தன் எல்லையைத் தாண்டிப் போய்ச் சிக்கிக்கொண்ட விபத்துகளுக்குப் பிறகு, 2009-இல் ஒரு உத்தரவு வந்தது: ரடர் தடுப்பை மாற்றுங்கள், இல்லையென்றால் ஸ்பின் செய்யக் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள். ஸ்பின்னை நிறுத்த முழு ரடர் வேணும், அதே முழு ரடர்தான் சிக்கவும் செய்யும். 172-இல் பின் இருக்கையில் ஆள் இல்லாமல், எடை முன்பக்கமாக இருக்கும்போதுதான் ஸ்பின் அனுமதி. பயிற்சிப் பள்ளிகளிலோ ‘சும்மா பார்க்கட்டும்’ என்று இன்னொரு மாணவனைப் பின்னால் உட்கார வைப்பது உண்டு. ஸ்டால் பாடத்துக்கு அது தடையில்லை. ஆனால் அந்த ஸ்டால் கைமீறி ஸ்பின்னானால், ஸ்பின் செய்யக் கூடாது என்று கையேடே சொல்கிற எடை நிலையில் விமானம் இருக்கும்.

இவையெல்லாம் பயிற்சியின்போது நேரக்கூடிய ஆபத்துகள். இதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது, பயிற்சி முடிந்து பல வருஷம் கழித்து வருகிற ஆபத்து. அந்த 1,000 அடி இங்கேதான் வருகிறது.

சிறிய விமானங்கள் ரன்வேயைச் சுற்றி வட்டமிடும் உயரம் வழக்கமாக 1,000 அடி. ரன்வேக்கு நேராக வருவதற்கான கடைசித் திருப்பத்தில் 500 அடி போல இருப்பார்கள். ஒரு சுற்று ஸ்பின்னுக்கு 1,000 அடி வேணும். கணக்கு அவ்வளவுதான். ஏஓபிஏ-இன் இன்னொரு ஆய்வில், ஸ்டால், ஸ்பின் விபத்துகளில் குறைந்தது 80 சதவீதம் 1,000 அடிக்குக் கீழேதான் தொடங்கியிருந்தன. அந்த உயரத்தில் ஸ்பின் மீட்பு தெரிந்திருப்பதும் தெரியாமலிருப்பதும் ஒன்றுதான்.

அங்கே ஸ்டால் வருகிற விதமும் பாடத்தில் வருகிற மாதிரி இல்லை. கடைசித் திருப்பத்தில் ரன்வேயைத் தாண்டிப் போய்விட்டோம் என்று வைத்துக்கொள்வோம். தாழ்வாக இருக்கிறோமே என்று அதிகமாகச் சாய்க்கப் பயம். அதனால் காலால் ரடரை மிதித்து மூக்கை மட்டும் ரன்வே பக்கம் திருப்புகிறார். சாய்வு கூடுகிறது, கையால் எதிர்ப்பக்கம் பிடிக்கிறார். மூக்கு தாழ்கிறது, பின்னால் இழுக்கிறார். மூக்கு வானத்தைப் பார்க்கவில்லை, நடுக்கம் தெரியவில்லை, கவனமெல்லாம் ரன்வே மேல். ஸ்பின்னுக்கு வேண்டிய எல்லாச் சாமானும் தயார். டேக்-ஆஃப் ஏற்றத்திலும், இறங்காமல் மறுபடி மேலே போகும்போதும் இதே மாதிரி நடக்கிறது. பாடத்தில் 3,000 அடியில், ‘இப்ப ஸ்டால் பண்ணப் போறோம்’ என்று சொல்லிவிட்டு, மூக்கை நன்றாகத் தூக்கிப் பழகினவருக்கு, இது அதே ஸ்டால் என்று அடையாளமே தெரியாது.

தப்பான பழக்கத்தையும் பயிற்சி சொல்லிக்கொடுக்க முடியும் என்பது பெரிய விமானங்களில்தான் வெட்டவெளிச்சமானது. 2009 பிப்ரவரி 12-ஆம் தேதி இரவு, கோல்கன் ஏர் 3407 நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் இறங்கப் போய்க்கொண்டிருந்தது. வேகம் குறைந்துபோனதை விமானிகள் கவனிக்கவில்லை. ஸ்டால் வரப்போகிறது என்று ஸ்டிக் அதிர்ந்தது. கேப்டன் இழுத்தார். மூக்கைத் தாழ்த்த விமானமே ஸ்டிக்கை முன்னால் தள்ளியது. அப்போதும் இழுத்தார். விமானத்தில் 49 பேர், தரையில் ஒருவர், 50 பேர் இறந்தார்கள். கேப்டன் எச்சரிக்கைக்குத் தவறான பதில் கொடுத்ததுதான் காரணம் என்றது விசாரணை.

அந்தக் காலத்தில் ஏர்லைன் விமானிகளுக்கு ஸ்டால் பயிற்சி எப்படி இருந்தது? எச்சரிக்கை வரும் வரை மட்டும் போவார்கள், முழு ஸ்டாலுக்குப் போகமாட்டார்கள். மீளும்போது எவ்வளவு குறைவாக உயரம் இழக்கிறார் என்பதை வைத்து மதிப்பிட்டார்கள். யோசித்துப் பாருங்கள். ஸ்டாலிலிருந்து மீள உயரத்தைக் கொடுத்துத்தான் ஆகணும், தேர்வோ உயரத்தை விடாதே என்றது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பவரால் வெளியே வரக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கேப்டனின் கை இதனால்தான் இழுத்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் 2012-இல் அமெரிக்க விமான நிர்வாகம் அந்த அளவுகோலைக் கைவிட்டு, முதலில் தாக்கு கோணத்தைக் குறை, மற்றதெல்லாம் அப்புறம் என்று வழிகாட்டுதலை மாற்றியது. 2019 மார்ச்சிலிருந்து அமெரிக்க ஏர்லைன் விமானிகள் சிமுலேட்டரில் முழு ஸ்டாலே செய்து பழகணும் என்பது கட்டாயம்.

சிறிய விமானங்களுக்கு அதே நிர்வாகத்தின் ஸ்டால் வழிகாட்டி ஒன்று உண்டு. அதில் இன்ஸ்ட்ரக்டர்களுக்கு ஒரு யோசனை இருக்கிறது: மாணவன் மெதுவாகப் பறந்துகொண்டிருக்கும்போது பென்சிலைக் கீழே போட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். குனிந்து தேடும்போது கை தன்னை அறியாமல் இழுக்கிறதா என்று பாருங்கள். நான் படித்ததிலேயே உருப்படியான ஸ்டால் பயிற்சி இதுதான் என்று தோன்றியது. இதில் ஸ்டாலே ஆகவேண்டியதில்லை.

பையனிடம் மூன்று விஷயம் கேட்டு வைத்துக்கொள்ளச் சொன்னேன். எவ்வளவு உயரத்தில் தொடங்குவீங்க, பின் இருக்கையில் யாராவது வர்றாங்களா, கண்ட்ரோலை எடுக்கும்போது என்ன வார்த்தை சொல்வீங்க. கேட்டானாம். இன்ஸ்ட்ரக்டர் கோபித்துக்கொள்ளவில்லை, தரையிலேயே உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் கிளம்பினாராம்.

மறுவாரம் பேசினான். பவர் இல்லாத ஸ்டால் நாலும் சுத்தமாக வந்ததாம். பவரோடு செய்ததில் ரெண்டாவது தடவை இடது இறக்கை விழுந்திருக்கிறது.

“நீ என்னடா பண்ணே?”

“வலப்பக்கம் திருப்பிட்டேன் மாமா. பண்ணக் கூடாதுன்னு தெரியும். காலைல கூட எழுதிப் பார்த்தேன். கை தானாப் போயிடுச்சு.”

இன்ஸ்ட்ரக்டர் சொல்ல வேண்டியதைச் சொல்லி எடுத்துக்கொண்டார், இவனும் கையை விட்டுவிட்டான். அடுத்த வாரமும் அதே பாடம்தானாம். அக்காவிடம் நாலு சுத்தமாக வந்ததை மட்டும் சொல்லியிருக்கிறான்.